தொடை வழியாக வந்த மாடு

நெஞ்சில் தழும்பு இல்லாததால் கன்னியப்பன் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமில்லை.

மானாம்பதிப் பக்கம் இதய ஆப்பரேஷன் என்றால் அதற்கு ஓர் இலக்கணம் உண்டு. கழுத்துக் குழியிலிருந்து மேல்வயிறு வரைக்கும், நெல் மூட்டையைத் தைத்த மாதிரி ஒரு தையல் இருக்க வேண்டும். செய்துகொண்டவர் ஆறு மாதம் சட்டைக்குப் பட்டன் போடாமல் நடமாட வேண்டும். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு சீப்புப் பழத்தோடு வந்து, தையலை எண்ணி, உச்சுக் கொட்டிவிட்டுப் போக வேண்டும். கன்னியப்பனோ போன கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை சென்னைக்குப் போனார். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் கையில் முறுக்குப் பொட்டலத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். நெஞ்சு கழுவி வைத்த பலகை மாதிரி இருந்தது. காயம் இல்லாமலில்லை. வலது தொடையும் அடிவயிறும் சேருகிற இடத்தில், கட்டெறும்பு கடித்த அளவுக்கு இருந்தது. எழுபத்து நாலு வயது மனிதர் டீக்கடையில் உட்கார்ந்து அதை எப்படிக் காட்டுவார்?

“காட்டுங்க மாமா. நாங்க இன்னா பொண்ணு குடுக்கறதுக்கா பாக்கப் போறோம்?” என்றார் வேதகிரி.

வேதகிரி கெங்கையம்மன் கோயில் தர்மகர்த்தா. கன்னியப்பனுக்குத் தூரத்து உறவு. பன்னிரண்டு வயது இளையவர். அவர் சொன்னால் டீக்கடை மொத்தமும் சிரிக்கும், டீ ஆற்றுகிறவர் உட்பட.

“நெஞ்சைப் பொளக்காத நெஞ்சுல வால்வு வச்சாங்களாம். ஒரு பம்ப்செட்டுல வாசர் மாத்தணும்னாலே மேல தொறக்கணும். இவரு தொடையில கைய விட்டு நெஞ்சுல மாட்டிக்கினு வந்துட்டாராம்.”

கன்னியப்பனுக்குக் காது மடல் சிவந்தது. அதற்கு ஒரு வருடத்துக் காரணம் இருந்தது.

முப்பது வருடமாக ஆடித் திருவிழாவில் அம்மன் பூங்கரகம் எடுப்பவர் அவர்தான். மூன்றடி உயரப் பூ ஜோடித்த குடத்தைக் கையால் தொடாமல் தலையில் வைத்து ஊரைச் சுற்றி வர வேண்டும். ஒரு வருடம் அந்தப் பூவுக்குள் கரிச்சான் குருவி கூடு கட்டி, முட்டையிட்டு, ஊர்வலம் முடிவதற்குள் குஞ்சும் பொரித்துவிட்டது. அத்தனை ஆடாமல் நடந்திருக்கிறார். நம்பாதவர்கள் ஏரிக்கரை மின்கம்பிக்குப் போனால் அந்தக் குஞ்சுகளின் பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம்.

அப்பேர்ப்பட்டவர் போன ஆடியில், ரேஷன் கடை முக்கில் திரும்பும்போது கண் இருண்டு விழுந்தார். கரகம் உடைந்தது.

உடனே தீர்ப்பும் வந்துவிட்டது: விரதம் கெட்டவன். அதன் பிறகு ஊரில் நடந்த எல்லாவற்றுக்கும் அவரே காரணமானார். மூன்றாம் நாள் ஊர்க் கிணற்று மோட்டார் எரிந்தது, கன்னியப்பனால். கோபால் வீட்டு எருமை காணாமல் போய், தாமல் ஏரி வரைக்கும் நடந்து, நாலு நாள் குளித்துவிட்டு, போன வழியே திரும்பி வந்தது. அது போனதும் கன்னியப்பனால்தான். வந்தது மட்டும் அம்மன் அருள்.

அவர் விழுந்தது ஏன் என்று சென்னை ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. மகள் சசிரேகா வற்புறுத்தி அழைத்துப் போயிருந்தாள். நெஞ்சின்மேல் ஜில்லென்று ஏதோ பூசி, டிவியில் படம் பார்த்த சின்ன வயது டாக்டரம்மா சொன்னாள்:

“ஐயா, ரத்தம் இதயத்தைவிட்டு வெளிய போற வாசல்ல ஒரு கதவு இருக்கு. ரெண்டு ரூபா காசு அளவுக்குத் திறக்கணும். உங்களுக்குச் சுண்ணாம்பு படிஞ்சு பென்சில் அளவுக்குத்தான் திறக்குது. அதனாலதான் பாரம் தூக்கி நடந்தா மூளைக்கு ரத்தம் பத்தாம விழறீங்க.”

“அப்போ விரதம் கெட்டதால இல்லியே?”

“என்ன விரதம்?”

“அத மட்டும் ஒரு காகிதத்துல எழுதி சீல் வச்சிக் குடும்மா.”

டாக்டரம்மா சிரித்தாள், எழுதித் தரவில்லை. கன்னியப்பனுக்கு அது ஒரு குறைதான்.

வயதைப் பார்த்து, நெஞ்சைப் பிளக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். தொடை ரத்தக்குழாயில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, மடித்து வைத்த புது வால்வை அதன் வழியாக மேலே அனுப்புவார்கள். அது பழைய வாசலுக்குள் போய்க் குடை மாதிரி விரிந்து, பழைய கதவை ஓரமாக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

“கெணத்துல எறங்காத, பைப்பு வழியாவே அடியில மாட்டற ஃபுட் வால்வை அனுப்புற மாதிரி” என்றார் கன்னியப்பன்.

“அதேதான் ஐயா.”

ஆப்பரேஷன் அன்றைக்கு அரைமயக்கத்தில் படுத்திருந்தார். யாரோ “ஆச்சு ஐயா” என்றார்கள். “எப்ப ஆரம்பிப்பீங்கன்னு இல்ல பாத்துக்கினு கீறேன்” என்றார் இவர். தை மாதம் பிறப்பதற்குள் ஏரிக்கரை மேட்டை ஒரே மூச்சில் ஏறினார். கூட வந்த நாய்கள் பாதியில் உட்கார்ந்து நாக்கைத் தொங்கவிட்டன. திருவிழாவுக்கு முன் போய்க் காட்டியபோது, கரகம் எடுக்கலாமா என்றும் கேட்டுக்கொண்டார். நிதானமாக நடந்தால் எடுக்கலாம் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டாள்.

ஆகவே கன்னியப்பனுக்கு உலகத்தில் பாக்கியிருந்தது ஒரே ஆசை. இந்த ஆடியில் கரகத்தைத் தலையில் வைத்து அந்த ரேஷன் கடை முக்கைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால், செத்த பிறகும் சுவரொட்டியில் ‘விரதம் கெட்ட கன்னியப்பன்’ என்றுதான் போடுவார்கள்.

அதனால்தான், காப்புக் கட்டுக்கு முந்தின நாள் டீக்கடையில் வேதகிரி அப்படிச் சிரிக்க வைத்ததும், அவர் அந்தத் தப்பைச் செய்தார். சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துப் பெஞ்சின்மேல் அடித்தார்.

“பொய்யா? படிச்சிப் பாரு! வால்வு பேரு, நம்பரு, தேதி எல்லாம் போட்டுக் கீது. உன் டிராக்டருக்குக் கூட இப்படி நம்பர் கெடையாது!”

வேதகிரியின் மகன் தமிழ்வாணன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை செய்பவன். அட்டையை வாங்கி, வால்வின் பெயரைப் போனில் தட்டினான். படித்தான். நிமிர்ந்து கன்னியப்பனைப் பார்த்தான். மறுபடி படித்தான்.

“தாத்தா, ஆப்பரேஷன் நெசம்தான். ஆனா இந்த வால்வு மாட்டுது.”

“இன்னாடா மாட்டுது?”

“மாட்டோட இதயத்தச் சுத்தி ஒரு சவ்வு இருக்குமாம். அதப் பதப்படுத்தி, கம்பிக் கூட்டுல வச்சித் தைச்சது.”

கன்னியப்பன் நெஞ்சின்மேல் கையை வைத்துப் பார்த்தார். எந்த நாட்டு மாடோ, என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்களோ, பாவம், எட்டு மாதமாக உள்ளே இருந்து உழைக்கிறது. அவருக்கு அதன்மேல் ஒரு வாஞ்சைகூட வந்தது.

வேதகிரிக்கு வந்தது வேறு.

மறுநாள் வெள்ளிக்கிழமை, காப்புக் கட்ட ஊர் கூடியது. பூசாரி மஞ்சள் கயிற்றோடு கன்னியப்பனிடம் வந்தபோது வேதகிரி கையை நீட்டித் தடுத்தார்.

“மாமா மேல எனக்கு மரியாத கீது. ஆனா காப்புக் கட்டிட்டா ஏழு நாளைக்கு ஊருக்குள்ள கவுச்சி நொழையக் கூடாது. முட்டை ஓடு கெடந்தாலே அபராதம். மாமா நெஞ்சுக்குள்ள மாட்டுக்கறிய வச்சிக்கினு கீறாரு.”

“கறி இல்லடா, சவ்வு! காகிதம் கனம்தான் இருக்கும்.”

“சவ்வும் கறிதான். கறிக்கடையில சவ்வ எடுத்துட்டா எட போடறான்?”

“நான் இன்னா அதத் துன்னனா? வயித்துக்குள்ளயா போச்சி?”

“வயித்துக்குள்ள போயிருந்தா மறுநா வெளிய போயிருக்கும் மாமா. இது போவவே போவாதே! ராவும் பகலும், வருசம் பூரா கவுச்சி.”

“அப்போ இன்னா பண்ணச் சொல்ற? கழட்டி ஆணியில மாட்டிட்டு வரட்டா?”

சிலர் சிரித்தார்கள். கன்னியப்பன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“நாலு பேரு கேளுங்கடா! நேத்து வரைக்கும் எனக்கு ஆப்பரேஷனே நடக்கலன்னீங்க. இன்னிக்கி நடந்துச்சி, அதனால தீட்டுன்றீங்க. விழுந்தாலும் என் தப்பு, எழுந்தாலும் என் தப்பா? நான் செத்துத் தொலஞ்சிருந்தா சுத்தமா இருந்திருப்பேன் இல்ல?”

“கோவப்படாதீங்க மாமா. நெஞ்சுக்கு ஆவாது” என்றார் வேதகிரி, ரொம்ப அக்கறையாக. “இந்த வருசம் நம்ம தமிழ்வாணன் எடுக்கட்டும்.”

அக்கறைக்கு வேர் எங்கே இருக்கிறது என்று அப்போது எல்லோருக்கும் புரிந்தது. ஆனாலும் காப்பு தமிழ்வாணன் மணிக்கட்டுக்குப் போனது.

வீட்டில் மனைவி முனியம்மாளிடமும் அவருக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. “அந்தக் கார்டை உள்ள வையின்னு சொன்னனா இல்லியா? கண்ணாலப் பத்திரிக மாதிரி ஊரெல்லாம் நீட்டிக்கினு போன. இப்ப பேஜார் யாருக்கு?” என்று கேட்டுவிட்டு, அவள் தனியாகப் போய் வேதகிரியின் ஏழு தலைமுறையையும் துடைப்பத்தால் வாசலோடு சேர்த்துப் பெருக்கினாள்.

மறுநாள் காலையில் கன்னியப்பன் காலனிக்கு நடந்தார். எல்லப்பன் வீட்டு முன்னால் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். கோயிலுக்கு மேளம் அடிப்பது அவர் குடும்பம்தான். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே ஏரியில் மாடு கழுவியவர்கள்.

“எல்லப்பா, இது இன்னா தோலு?”

“இன்னாண்ணா, எழுவது வயசுக்கு மேல வந்து கேக்கற? கன்னுக்குட்டித் தோலு.”

“மாடுதான?”

“பின்ன, பூசணிக்காய்த் தோலா?”

“இத வச்சிதான அம்மன எழுப்பறாங்க? இதுக்குத் தீட்டு இல்ல, எனக்கு மட்டும் தீட்டா? ஞாயம் கேக்க வேணாம்?” கன்னியப்பனுக்கு மூச்சு ஏறவில்லை, குரல்தான் ஏறியது.

எல்லப்பன் பறையைத் திருப்பி மறுபக்கத்தைத் தீயில் காட்டினார்.

“கேளுண்ணா, நல்லா கேளு. ஆனா ஒண்ணு. கோயில் வாசல்ல ஒரு சுண்ணாம்புக் கோடு கீதே, எங்க ஆளுங்க தாண்டக் கூடாதுன்னு, அத யாரு கேட்டாங்க? என் மோளத்துச் சத்தம் உள்ள போவுது. அம்மன் காதுல கேக்குது. அடிக்கறவன் வெளிய நிக்கறேன். முப்பது வருசமா நீ அந்தக் கோட்டுக்குள்ள நின்னுக்கினு கரகம் எடுத்த. ஒரு தபா கேட்டியா?”

“அது… வழக்கம்…”

“ஒரு துண்டு சவ்வு உன் நெஞ்சுக்குள்ள வந்த எட்டு மாசத்துல உனக்கு இத்தினி கோவம் வருது. எனக்கு இது கையிலயே கீதுண்ணா. அம்பது வருசமா.”

திரும்பி நடக்கும்போது கன்னியப்பனுக்கு வேதகிரிமேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது. ஆனால் கோபத்துக்கு இன்னொரு ஆளும் சேர்ந்துவிட்டார். அந்த ஆள் அவருடைய வேட்டியையே கட்டிக்கொண்டு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. பெண்கள் கூழ்ப் பானைகளோடு கோயில் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்வாணன் மஞ்சள் வேட்டியில், துணிக்கடைக் கண்ணாடிக்குள் நிற்கிற பொம்மை மாதிரி தயாராக நின்றான். கன்னியப்பன் ஓரமாக வேப்பமரத்தடியில் நின்றார். பூசாரி கற்பூரம் ஏற்றி, மேளத்துக்குக் கையசைத்தார்.

மேளம் அடிக்கவில்லை.

எல்லப்பன் பறையைச் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே தரையில் வைத்தார். “தர்மகர்த்தாவே, ஒரு சந்தேகம். இதுவும் மாட்டுத் தோலு. ஊருக்குள்ள கவுச்சி ஆவாதாமே. நான் எடுத்துக்கினு வூட்டுக்குப் போயிடட்டா?”

வேதகிரிக்குக் கோபம் வந்தது. “மோளம் வேறடா. அது அம்மனுக்குன்னே செஞ்சது.”

“என்துகூட எனக்குன்னே அளவெடுத்துக் குடுத்தது!” என்று வேப்பமரத்தடியிலிருந்து சத்தம் வந்தது. “நம்பர் போட்டு!”

“தோலு தீட்டுன்னா ரெண்டும் தீட்டு. இல்லன்னா ரெண்டும் இல்ல. நீங்களே சொல்லுங்க. எனக்கு அவசரம் இல்ல” என்று எல்லப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் தம்பிகள் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

மேளம் இல்லாமல் கரகம் எழும்பாது. வேதகிரி புள்ளலூருக்குப் போன் போட்டார், தாமலுக்குப் போட்டார். ஆடி ஞாயிற்றுக்கிழமையில் மேளக்காரனைத் தேடுவது, சித்திரையில் ஏரியில் தண்ணீர் தேடுகிற மாதிரி. கடைசியில் தமிழ்வாணன் பாட்டுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, போனோடு இணைத்து, மேளச் சத்தம் போட்டான். கரகத்தைத் தலையில் ஏற்றினார்கள். நாலடி வைத்தான். மேளம் சட்டென்று நின்று, ஒரு பெண் குரல் முகப்பருவுக்கு நல்ல களிம்பு எது என்று சொல்ல ஆரம்பித்தது. சாமி வர இருந்த இரண்டு பெண்கள் பாதியில் விழித்துக்கொண்டார்கள்.

“நைனா, கழுத்து வலிக்குது” என்றான் தமிழ்வாணன்.

கூழ் புளிக்க ஆரம்பித்தது. வேதகிரியின் மனைவி மங்கம்மா பானையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

“யோவ், போதும்யா உன் சுத்தம். நேத்து உத்தரமேரூர்ல நின்னு ரெண்டு ஆம்லெட் துன்னுட்டு வந்து என் பொடவையில வாயத் தொடச்சியே, அது கவுச்சி இல்லியா?”

“அது ஊரு எல்லைக்கு வெளிய…”

“வவுத்த வெளிய கழட்டி வச்சிட்டா வந்த?”

அதன் பிறகு வேதகிரி பேசியது யாருக்கும் கேட்கவில்லை. பூசாரி ஓடிவந்து கன்னியப்பன் மணிக்கட்டில் காப்பைக் கட்டினார். கரகம் அவர் தலைக்கு வந்தது. கையை எடுத்தார்கள். குடம் அங்கேயே முளைத்த மாதிரி நின்றது.

எல்லப்பன் பறையை எடுத்துக்கொண்டார். கோட்டுக்கு வெளியே, வழக்கமான இடத்தில் போய் நின்றார்.

கன்னியப்பன் ஊர்வலத்துக்குக் கிளம்பவில்லை, கோட்டுக்கு வந்தார். தலையில் மூன்றடிப் பூவோடு, முதுகு வளையாமல், இடது கால் கட்டைவிரலை நீட்டிச் சுண்ணாம்புக் கோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தேய்த்து அழித்தார். ஒரு பூ உதிரவில்லை.

“எல்லப்பா, உள்ள வந்து அடி.”

“மாமா, அது வேற விசயம்!” என்று வேதகிரி பதறினார்.

“ஒரே மாடுதாண்டா. அவன் உள்ள வர வரைக்கும் நான் இப்படியே நிக்கறேன். எனக்கு இப்ப மூச்சு வாங்கறது இல்ல. பாக்கறியா, யாருக்கு மொதல்ல கால் வலிக்குதுன்னு?”

எல்லப்பன் அழிந்த கோட்டைப் பார்த்தார். கன்னியப்பனைப் பார்த்தார். “முப்பது வருசம் லேட்டுண்ணா” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். அன்றைக்கு விழுந்த முதல் அடியில் கோபுரத்துப் புறாக்கள் கிளம்பின. அதில் நாலு இன்னும் திரும்பவில்லை.

ரேஷன் கடை முக்கு வந்தது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. முனியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். கன்னியப்பன் மட்டும் தாராளமாக மூச்சு விட்டார். திரும்பினார், தாண்டினார். தாண்டின பிறகு, சந்தேகத்துக்கு இடமில்லாமல், திரும்பி வந்து இன்னொரு தடவையும் தாண்டினார்.

“பாருங்கடா, இந்த வருசம் விரதம் சுத்தம்!” என்று கூட்டத்தில் யாரோ கும்பிட்டார்கள்.

“விரதம் இல்லடா, வால்வு!” என்று கரகத்துக்குக் கீழேயிருந்து கத்தினார் கன்னியப்பன். “போன வருசமும் விரதம் சுத்தம்தாண்டா!” மேளச் சத்தத்தில் அது ஒருவர் காதிலும் விழவில்லை.

செவ்வாய்க்கிழமை ஊர்க் கிணற்று மோட்டார் எரிந்தது.

புதன்கிழமை காலை டீக்கடையில், இட்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வேதகிரி மெதுவாக ஆரம்பித்தார். “நான் யாரையும் கொற சொல்லல. ஆனா கோட்டத் தாண்டின மூணாம் நாளே அம்மன் கோவிச்சிக்கினா பாத்தீங்களா? எல்லப்பன் உள்ள வந்தது…”

இரண்டு தலைகள் ஆடவும் ஆடின. வாசலில் நின்ற கன்னியப்பன் அதைக் கேட்டார். காலனிப் பக்கம் திரும்பி நடந்தார். போன வருடம் இந்தப் பேச்சுக்குத் தலை குனிந்தவர் அவர்.

அரைமணி நேரத்தில் அவரும் எல்லப்பனும் கோபாலும் ஊர்க் கிணற்றிலிருந்து குழாயை மேலே இழுத்துப் போட்டார்கள். அடியில் இருந்த ஃபுட் வால்வை எல்லப்பன் கழற்றினார். ஒரு பிளாஸ்டிக் உறையும் ஒரு கைப்பிடி மணலும் சிக்கி, கதவு மூட முடியாமல் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. குழாயில் தண்ணீர் நிற்காமல், மோட்டார் வெறும் காற்றை இழுத்து இழுத்து எரிந்திருக்கிறது. போன வருடமும் மோட்டாரை மட்டும் மாற்றியிருந்தார்கள். வால்வை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பழி போட ஆள் கிடைத்த பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்?

தண்ணீர் சொட்டச் சொட்ட அதை டீக்கடைக்குத் தூக்கி வந்து, வேதகிரிக்குப் பக்கத்தில் பெஞ்சின்மேல் ணங்கென்று வைத்தார் கன்னியப்பன்.

“இந்தா. கோவிச்சிக்கினது இதுதான். போன வருசமும் இதேதான். என்து மாதிரி தொடை வழியா மாத்தறதா, மேல தொறக்கறதான்னு நீயே முடிவு பண்ணி ஊருக்குச் சொல்லு.”

வேதகிரி பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் வால்வின் சல்லடைக்குள்ளிருந்து ஒரு கிணற்று நண்டு வெளியே வந்தது. பெஞ்சைச் சுற்றிப் பார்த்தது. நிதானமாகப் பக்கவாட்டில் நடந்து, தர்மகர்த்தாவின் இட்லித் தட்டில் ஏறிச் சட்னியில் உட்கார்ந்தது.

காப்பு அவிழ்க்க இன்னும் இரண்டு நாள் இருந்தது.